குத்தகைப் பத்திரத்தில் ‘ரிவர்ட்’ என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஏற்காட்டில் பழைய வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று சேலத்தில் இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். போன மாதம்கூட அஸ்தம்பட்டியில் பழைய தோழி ஒருத்தி அதே திட்டத்தோடு வந்து என்னிடம் யோசனை கேட்டாள். சில வருடங்களுக்கு முன் நானும் அதே மாதிரி ஒரு வீடு எடுத்தபோது எனக்கு யோசனை சொல்ல யாரும் இல்லை, வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை, மகன் ஹாஸ்டலில், எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே அலைந்து முடித்தேன். பத்திரத்தில் இருந்த ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லால் கிட்டத்தட்ட 5.5 லட்சம் ரூபாய் போனது. பணத்தைவிட, ஒன்றரை வருடம் தூக்கம் போனதுதான் பெரிது. அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ஏற்காட்டு வீட்டை எடுப்பதற்கு முன் நான் சேலத்தில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வருமோ அத்தனையிலும் ‘ப்ளீஸ் ரிவர்ட்’, ‘கைண்ட்லி ரிவர்ட் டு மீ’ என்று இருக்கும். வங்கியிலிருந்து வந்தாலும் சரி, ஆடிட்டர் அனுப்பினாலும் சரி, அந்தச் சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே பொருள் பதில் போடு, தகவல் சொல்லு. நம் ஊர் அலுவலகம் எதில் வேலை பார்த்தவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

வேலையை விட்டபோது வந்த பணமும் சீட்டுப் பணமும் கையில் இருந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு, சுற்றிலும் அரை ஏக்கர், வரிசையாகச் சில்வர் ஓக் மரம். உரிமையாளர் வயதானவர், பெங்களூரில் மகனோடு இருந்தார். மூன்று வருடக் குத்தகை, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் நீட்டிக்கலாம், அட்வான்ஸ் 1.5 லட்சம் என்று புரோக்கர் தம்பி பேசி முடித்தார். பத்திரத்தை உரிமையாளர் பக்கத்து வக்கீல் ஆங்கிலத்தில் தயார் செய்து அனுப்பினார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி வந்த மலை இது, ரொம்ப நாள் வெள்ளைக்காரர்கள் கையில் இருந்த தோட்டங்கள், அதனாலோ என்னவோ நான் அங்கே பார்த்த எஸ்டேட் பத்திரங்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தன. பழைய பத்திரத்தைப் பார்த்தே புதிய பத்திரம் அடிக்கிறார்கள், பழைய சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன.

பதினான்காவது ஷரத்து இப்படி இருந்தது: ‘ஆன் டிடர்மினேஷன் ஆஃப் தி லீஸ், ஆல் இம்ப்ரூவ்மென்ட்ஸ் மேட் பை தி லெஸ்ஸி ஷல் ரிவர்ட் டு தி லெஸ்ஸார்.’ லெஸ்ஸி என்றால் குத்தகைக்கு எடுப்பவர், லெஸ்ஸார் என்றால் கொடுப்பவர், அது தெரியும். புரோக்கரிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லீங்க அக்கா, நீங்க அங்க என்ன வேலை செஞ்சாலும் ஓனருக்கு ஒரு வார்த்தை தகவல் சொல்லிடணும், அவ்வளவுதான்” என்றார். பத்து வருடமாக மெயிலில் நான் பார்த்த ‘ரிவர்ட் டு மீ’யும் இதையேதான் சொன்னது. டிடர்மினேஷன் என்றால் முடிவு செய்வது, வேலை எது என்று முடிவு செய்தபின் உரிமையாளருக்குத் தெரிவிப்பது, வாக்கியம் அப்படியே பொருந்தி வந்தது. சார் பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவும் செய்தோம். பதிவு அலுவலகத்தில் ஆள் யார், முத்திரைக் கட்டணம் சரியா என்பதையெல்லாம் பார்ப்பார்களே தவிர, ஷரத்து உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை. பதிவு ஆகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் இருக்கிற வீட்டையே சுத்தம் செய்து விருந்தாளிகளை வைத்தேன். மே மாதத்தில் கோடை விழா நேரம், கொண்டை ஊசி வளைவு முழுக்க வண்டி நிற்கும் அளவுக்குக் கூட்டம், அறை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தத் தெம்பில் பின்பக்கம் குளியலறையோடு இரண்டு அறை கட்டினேன், 4.8 லட்சம். செப்டிக் டேங்கும் தண்ணீர்த் தொட்டியும் 95,000. சோலார் ஹீட்டர் 40,000, ஏற்காட்டுக் குளிரில் சுடுதண்ணீர் இல்லாமல் யாரும் இரண்டாவது முறை வரமாட்டார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி, வேலியும் போட்டதில் 55,000. மணல், செங்கல், சிமென்ட் எல்லாம் கீழே சேலத்திலிருந்து ஏற வேண்டும், அடிவாரத்தில் ஒரு விலை என்றால் மேலே வேறு விலை. ஒவ்வொரு வேலைக்கும் போட்டோ எடுத்து, பில்லோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பத்திரப்படி நடப்பதாகவே எண்ணிக்கொண்டு. அவரும் ‘ரொம்ப நல்லா இருக்கும்மா’ என்று பதில் போடுவார். இந்த மெசேஜ்கள்தான் பின்னால் ஓரளவுக்காவது கைகொடுத்தன.

குத்தகை முடிய நாலு மாதம் இருக்கும்போது நீட்டிப்பது பற்றிக் கேட்டேன். மகன்தான் பேசினார், நீட்டிக்கும் எண்ணம் இல்லை, நாங்களே நடத்தப்போகிறோம் என்றார். சரி, அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம். ஆனால் நான் கட்டிய அறைகளுக்கு என்ன கொடுப்பீர்கள், இல்லையென்றால் கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொள்கிறேன் என்றேன். “மேடம், க்ளாஸ் ஃபோர்டீன் பாருங்க, எல்லாம் எங்களுக்குத்தான் ரிவர்ட் ஆகும், நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க” என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. ரிவர்ட் என்றால் தகவல் சொல்வதுதானே, நான்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேனே என்று நான் விளக்க விளக்க, அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அன்று இரவு பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரரிடம்கூட ஒரு வாரம் சொல்லவில்லை, அவர் அனுப்பிய பணமும் அந்தச் சுவரில் இருந்தது.

பிறகுதான் சேலம் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். ஷரத்தை ஒரு தடவை படித்துவிட்டு, “ஏம்மா, இதைக் கையெழுத்துக்கு முன்னாடி காட்டியிருந்தா ரெண்டாயிரம் ரூபாயில முடிஞ்சிருக்குமே” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சொத்து மாற்றுச் சட்டம், 1882ல் வந்தது, அதில் 108ஆவது பிரிவு குத்தகையில் யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று சொல்கிறது. குத்தகைதாரர் நிலத்தில் பொருத்திய பொருட்களை, சொத்து தன் அனுபவத்தில் இருக்கும் வரை கழற்றி எடுத்துப் போகலாம், ஆனால் வாங்கியபோது இருந்த நிலையில் விட்டுப் போக வேண்டும். சட்டம் இவ்வளவு நல்லதாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. ஆனால் அந்தப் பிரிவின் தலையிலேயே, மாறான ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லாவிட்டால் என்று இருக்கிறது. என் பதினான்காவது ஷரத்துதான் அந்த மாறான ஒப்பந்தம். டிடர்மினேஷன் என்பதும் முடிவெடுப்பது அல்ல, குத்தகைச் சட்டத்தில் அதற்குக் குத்தகை முடிவுக்கு வருவது என்று பொருள், அதே சட்டத்தின் 111ஆவது பிரிவின் தலைப்பே அதுதான். ஆக மொத்த வாக்கியமும், குத்தகை முடிந்ததும் நீ செய்த மேம்பாடு எல்லாம் உரிமையாளரைச் சேரும் என்று சொல்கிறது. மிளகாவது கிடைக்குமா என்று கேட்டேன், கொடி அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. எப்போது முடியும் என்று தெரியாத குத்தகையாக இருந்தால் நட்ட பயிரை வந்து பறித்துக்கொள்ளும் உரிமை உண்டாம், எனக்குத் தேதி குறித்த குத்தகை, அதனால் அதுவும் இல்லை.

அவர் உடனே செய்யச் சொன்ன ஒரு காரியம் பெரிய உதவி. சாவியைக் கொடுக்காதே, கொடுப்பதற்கு முன் எது மேம்பாடு, எது உன் சாமான் என்று பட்டியல் போடு என்றார். கழற்றும் உரிமை அனுபவத்தில் இருக்கும் வரைதான், வெளியே வந்தபின் கேட்க முடியாது. கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் சாமான், அதில் யாரும் வாய் திறக்கவில்லை. சோலார் ஹீட்டருக்கு மட்டும் பெரிய சண்டை, பில் என் பெயரில் இருந்ததாலும், நாலு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் என்பதாலும் கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள். அறைகள், டேங்க், தொட்டி, வேலி, மிளகு எல்லாம் போயிற்று. வழக்குப் போடலாமா என்று கேட்டதற்கு, போடலாம், ஆனால் ஷரத்து இருக்கும்போது ஜெயிப்பது கஷ்டம், அட்வான்ஸும் அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்றார். பேச்சுவார்த்தை நீண்டு நீண்டு, அட்வான்ஸ் திரும்பி வரவே குத்தகை முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பழைய வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பெரியவரிடம் நேரில் காட்டிப் பேசியதில் அவராக ஒரு லட்சம் கொடுத்தார். கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, அந்த நன்றி எனக்கு உண்டு. வக்கீல் செலவு 20,000 சேர்த்தால் என் கையை விட்டுப் போனது நான் முதலில் சொன்ன தொகை.

இனி அந்தச் சொல்லைப் பற்றி. இந்த இழுபறி நடந்த காலத்தில் அகராதி அகராதியாகப் பார்த்தேன், கோபத்தில் ஆரம்பித்தது, பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. ‘ரிவர்ட்’ லத்தீனில் ‘ரெவெர்தெரே’ என்ற வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ரெ’ என்றால் பின்னோக்கி, ‘வெர்தெரே’ என்றால் திருப்புவது, திரும்புவது. கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் அதே வேர், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று ஏதோ ஒரு பக்கம் திரும்புகிறது. ஆகவே ரிவர்ட் என்பதன் அடிப்படைப் பொருள், முன்பு இருந்த நிலைக்கோ முன்பு இருந்தவரிடமோ திரும்பிப் போவது. நிலச் சட்டத்தில் இதற்கு வயது ரொம்ப அதிகம். இங்கிலாந்தில் 1285ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஒரு குடும்பத்தின் வழிவழி வாரிசுகளுக்கு என்று கொடுக்கப்பட்ட நிலம், வாரிசு அற்றுப்போனால் கொடுத்தவர் பக்கத்துக்கே திரும்பிவிடும். குத்தகை முடிந்தபின் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமைக்கே ‘ரிவர்ஷன்’ என்றுதான் ஆங்கிலச் சட்டத்தில் பெயர். என் ஷரத்தில் இருந்தது இந்தப் பரம்பரைச் சொல், எங்கள் ஆபீஸ் மெயிலில் இருந்தது அதன் பேரப்பிள்ளை.

எனக்கு இது மனதில் பதிந்தது ஹாங்காங் உதாரணத்தில்தான். ஹாங்காங்கின் பெரும்பகுதி நிலத்தை 1898ல் பிரிட்டன் சீனாவிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1997ல் தவணை முடிந்தபோது, குத்தகை இல்லாத பகுதியையும் சேர்த்து மொத்த ஹாங்காங்கும் சீனாவிடம் போனது, ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது ‘ரிவர்ட்டட் டு சைனா’ என்பார்கள். நூறு வருடத்தில் எழுந்த கட்டடம், சாலை, துறைமுகம் எதையும் யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை, நிலத்தோடு அதுவும் போயிற்று. பனாமா கால்வாய்ப் பகுதி 1999க்குள் அமெரிக்காவிடமிருந்து பனாமாவுக்குத் திரும்பியபோதும் அப்படித்தான், அங்கே அந்த இடங்களை ஸ்பானிய மொழியில் ‘ரிவர்ட் ஆன பகுதிகள்’ என்றே சொல்கிறார்கள். இதையெல்லாம் படித்தபோது என் இரண்டு அறைக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. செடி வளர்ப்பவர்களும் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். இலையில் வெள்ளை வரி விழுந்த அழகுச் செடிகளில் சில சமயம் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகிவிடும், பழைய குணத்துக்கு ரிவர்ட் ஆகிவிட்டது என்பார்கள், அந்தக் கிளையை வெட்டாவிட்டால் செடி முழுக்கப் பச்சை பரவிவிடும்.

பதில் சொல்வது என்ற பொருள் தவறா என்று கேட்டால், நம் நாட்டிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் அலுவலக ஆங்கிலத்தில் அது நன்றாக வேரூன்றிய வழக்கு, நமக்குள் எழுதும்போது யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் வாடிக்கையாளருக்கு ‘வீ வில் ரிவர்ட் ஆன் தி ப்ரைஸ்’ என்று எழுதினால், விலை பற்றிப் பதில் சொல்கிறோம் என்று நாம் நினைப்போம், பழைய விலைக்கே திரும்புகிறார்கள் போல என்று அவர் நினைக்கலாம். எங்கள் பழைய கம்பெனி மாதிரி ஏற்றுமதி செய்பவர்கள் இந்த இடத்தில் ‘ரிப்ளை’ என்றோ ‘கெட் பேக் டு யூ’ என்றோ எழுதிவிடுவது நல்லது. ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம், பின்னோக்கி என்பது அந்த ‘ரி’யிலேயே இருக்கிறது. ‘ரிவர்ட் தி சேம்’ என்று ஒரு செயப்படுபொருளை அதன் பின்னால் வைப்பதும் பொது வழக்கில் இல்லை, எதற்குத் திரும்புகிறது என்பதை ‘டு’ போட்டுத்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் மட்டும் ‘ரிவர்ட் தி சேஞ்சஸ்’ என்பார்கள், செய்த மாற்றத்தை எடுத்துவிட்டு முன்பிருந்தபடி ஆக்குவது, அது அவர்கள் துறையில் சரியான வழக்கு, பொருளும் பழைய பொருள்தான்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது ரிவர்ட் மட்டுமல்ல. ‘வெஸ்ட்’ என்று இருந்தால் உரிமை அந்த ஆளிடம் போய் நிற்கிறது என்று பொருள். ‘சரண்டர்’ என்றால் குத்தகையைத் தவணைக்கு முன்பே ஒப்படைத்துவிடுவது, ‘வெய்வ்’ என்றால் இருக்கிற உரிமையை வேண்டாம் என்று விடுவது, ‘ஃபார்ஃபிட்’ என்றால் தப்பு செய்ததற்காக உரிமையையோ அட்வான்ஸையோ இழப்பது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நேராக, எந்தச் சொத்து, யாரிடமிருந்து, யாரிடம், எப்போது, எவ்வளவு பணத்துக்கு என்று தமிழில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் காட்ட முடியாதவர் சொல்லும் விளக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். புரோக்கருக்கு ஒப்பந்தம் முடிந்தால்தான் கமிஷன், எதிர்ப்பக்க வக்கீலுக்கு உங்கள் நல்லது கெட்டது கணக்கில் கிடையாது. உங்களுக்கு என்று தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரம் படிக்க மட்டும் என்றால் பெரிய செலவில்லை. தமிழ்நாட்டில் பத்திரத்தைத் தமிழிலேயே எழுதிப் பதியலாம் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை, தமிழில் இருக்கிறது என்று சொல்லிப் பதிவு அலுவலகம் மறுக்க முடியாது. ஆங்கிலம், தமிழ் இரண்டும் இருந்தால், முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டட வேலைக்குப் பணம் கொடுக்கும்போது பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். முக்கியமாக, குறைந்த வருடக் குத்தகையில் சுவர் எழுப்பாதீர்கள். எழுப்பியே ஆக வேண்டுமென்றால் போட்ட காசு திரும்பி வர எத்தனை சீசன் ஆகும் என்று பார்த்து அத்தனை வருடத்துக்குக் குத்தகை கேளுங்கள்.

இப்போது நாகலூர் பக்கம் வேறு ஒரு சிறிய வீட்டை எடுத்திருக்கிறேன். ஷரத்தைத் தமிழில் நானே சொல்லி, வக்கீல் அம்மா திருத்திக் கொடுத்தார்: ‘குத்தகை முடியும்போது அட்டவணை இரண்டில் கண்ட பொருட்கள் குத்தகைதாரருக்கே சொந்தம், அவற்றை அவர் முப்பது நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் கட்டிய கட்டடம் உரிமையாளரைச் சேரும், அதற்கு அட்டவணை மூன்றில் கண்ட தொகையை உரிமையாளர் சாவி பெறும் நாளில் கொடுக்க வேண்டும்.’ தொகையை வருடத்துக்கு வருடம் குறைகிற மாதிரி போட்டோம், அந்த வீட்டின் உரிமையாளரும் நியாயம் என்று ஒத்துக்கொண்டார். உங்கள் வக்கீலிடம் காட்டி, உங்கள் இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி இதை எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வரும் தேதியையும் அதே ஷரத்தில் சேர்த்துவிடுங்கள், நாங்கள் சாவி கொடுக்கும் அதே நாள் என்று போட்டிருக்கிறோம்.